பரதநாட்டியத்துக்கு மார்க் உண்டா? பல்கலைக்கழக அனுமதி பற்றித் தென்னாப்பிரிக்கத் தமிழர் கேட்கும் கேள்விகள்

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிப் பள்ளி ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேல் 'லைஃப் ஓரியண்டேஷன்' என்ற வாழ்க்கைத் திறன் பாடம் எடுத்தவள் நான். ஓய்வு பெற்றபின் சனிக்கிழமை காலைகளில் கோயில் மண்டபத்தில் தமிழ் வகுப்பு நடத்துகிறேன். வகுப்பு விட்டதும் பிள்ளைகள் செருப்பைத் தேடிக்கொண்டிருக்க, பெற்றோர் என் மேசைப் பக்கம் வந்துவிடுவார்கள். இப்போது வாட்ஸப்பிலும் கேட்கிறார்கள். மிட்ராண்டில் வேலைக்கு வந்த சென்னைக் குடும்பங்கள், டொங்காட்டில் பேரப்பிள்ளைகளை வளர்க்கும் தாத்தாக்கள், மெட்ரிக் என்ற பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதும் பிள்ளைகள் என்று எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே சந்தேகம்: பாட்டு, நடனம், விளையாட்டு, சேவை இதெல்லாம் பல்கலைக்கழக இடத்துக்கு உதவுமா? கேட்டவர்கள் கேட்ட பேச்சிலேயே கேள்விகளை வைத்துவிட்டேன்.

"டீச்சர், டான்ஸ், மேளம், கிரிக்கெட் இதுக்கெல்லாம் யுனிவர்சிட்டியில மார்க் போடுவாங்களா?"

தென்னாப்பிரிக்காவில், பெரும்பாலான முதல் பட்டப் படிப்புகளுக்கு, போடமாட்டார்கள். இங்கே கதவைத் திறப்பது ஏ.பி.எஸ். என்ற புள்ளிக் கணக்கு. ஒவ்வொரு பாடத்திலும் 80-ஓ அதற்கு மேலோ எடுத்தால் 7 புள்ளி, 70 முதல் 79 வரை 6, அறுபதுகளுக்கு 5, ஐம்பதுகளுக்கு 4 என்று இறங்கும். ஆங்கிலம் 72, இசிசூலு 65, கணிதம் 81, இயற்பியல் அறிவியல் 74, உயிரியல் 68, கணக்கியல் 77 என்று ஒரு பிள்ளை வாங்கினால் 6, 5, 7, 6, 5, 6. கூட்டினால் 35. ஆறு பாடத்துக்கு உச்சம் 42.

எல்லாப் பல்கலைக்கழகமும் ஒரே மாதிரி கூட்டுவதில்லை. கேப்டவுன் பல்கலைக்கழகம் பெரும்பாலான துறைகளில் புள்ளிகளை விட்டுவிட்டு ஆறு பாடத்தின் சதவீதங்களையே கூட்டி 600-க்குப் பார்க்கிறது. ஜோகன்னஸ்பர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழகம் ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் கூடுதல் எடை தருகிறது. எப்படிக் கூட்டினாலும் அந்தக் கணக்கில் அரங்கேற்றத்துக்கோ அணித்தலைவர் பதவிக்கோ ஒரு புள்ளியும் இல்லை. இதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டால் மற்ற பதில்கள் எளிதாகப் புரியும்.

"அப்போ சி.ஏ.ஓ. ஃபார்ம்ல எங்க பொண்ணு அரங்கேற்றம் பண்ணதை எந்த இடத்துல எழுதறது?"

அதற்கு அங்கே இடம் கிடையாது. குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகம், டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், மங்கோசுது, சூலுலாந்து ஆகிய நான்குக்கும் நம் மாகாணத்தில் இந்த ஒரே மைய அலுவலகம் வழியாகத்தான் விண்ணப்பம் போகிறது. பாடம், மதிப்பெண், எந்தப் படிப்பு முதல் விருப்பம், எது இரண்டாவது என்பதுதான் அதன் சாரம். சான்றிதழ் கட்டைச் சேர்த்து அனுப்பினாலும் யாரும் பிரித்துப் பார்க்கப்போவதில்லை. பத்திரமாக வீட்டில் வையுங்கள். எங்கே வேண்டியிருக்கும் என்று பின்னால் சொல்கிறேன்.

"லைஃப் ஓரியண்டேஷன்ல 90 வாங்கியிருக்கான். விளையாட்டு, சமூகம் எல்லாம் சேர்ந்த பாடம்தானே, அதையாவது எடுப்பாங்களா?"

என் சொந்தப் பாடம் என்பதால் இதைச் சொல்ல எனக்கு வருத்தம்தான். கேப்டவுனும் குவாசுலு-நட்டாலும் அதைப் புள்ளிக் கூட்டலில் சேர்ப்பதில்லை. விட்ஸ் ஒரு சிறு பங்கு தருகிறது. ஆனால் மெட்ரிக் சான்றிதழுக்கு அது கட்டாயப் பாடம். ஆகையால் அலட்சியம் வேண்டாம்.

"சனிக்கிழமை தமிழ் கிளாஸ் இதுல எதுல சேரும்? பாடமா, செயல்பாடா?"

இரண்டு வழி இருக்கிறது. தமிழ், இந்தி, தெலுங்கு, குஜராத்தி, உருது ஐந்தையும் விருப்பப் பாடமாகப் பள்ளிக்குள் மீண்டும் கொண்டுவர 2014-இல் அரசு வழி செய்தது. தமிழ் கற்றுத்தரும் பள்ளியில் அதை இரண்டாம் கூடுதல் மொழியாக எடுத்து மெட்ரிக் எழுதினால், அது மற்றப் பாடங்களைப் போல ஒரு பாடம். ஆறு பாடத்தைக் கூட்டும்போது, அந்தப் படிப்பு கட்டாயம் கேட்கும் பாடங்கள் போக மீதி இருக்கும் இடத்தில் அது உட்காரும். சேர்த்துக்கொள்கிறார்களா என்று நீங்கள் விரும்பும் துறையின் கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

என் வகுப்பைப் போன்ற கோயில் வகுப்புக்கு வருவது செயல்பாடு. மதிப்பெண் தராது. வெளிநாட்டு விண்ணப்பத்திலும் உதவித்தொகை நேர்காணலிலும் பேசும். பல தலைமுறைக்கு முன் 1860-இல் 'ட்ரூரோ' கப்பலில் மதராஸிலிருந்து வந்தவர்களின் மொழியை, வீட்டில் யாரும் பேசாத நிலையிலும் ஒரு பதினாறு வயதுப் பிள்ளை வாரம் தவறாமல் வந்து படிக்கிறதென்றால், அதில் ஒரு கதை இருக்கிறது. அதைச் சொல்லத் தெரியவேண்டும்.

"மெட்ரிக் வருஷம் டான்ஸ் கிளாஸை நிறுத்திடலாமா? அவங்க அப்பா நிறுத்துன்னு ஒத்தைக் காலில் நிக்கிறார்."

முதலில் ஒரு திருத்தம். எல்லோரும் பன்னிரண்டாம் வகுப்பைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். ஆனால் மெட்ரிக் இறுதித் தேர்வு அக்டோபர், நவம்பரில் நடந்து முடிவு ஜனவரியில்தான் வரும். அதற்கு முன்பே பல்கலைக்கழகங்கள் தற்காலிக இடம் தரத் தொடங்கிவிடும். பதினோராம் வகுப்பு இறுதி மதிப்பெண்ணை வைத்துத்தான் பல இடங்களில் அந்த முதல் முடிவு. ஆகவே நெருக்கடி ஆண்டு என்று பார்த்தால் பதினொன்றும்தான். அந்த ஆண்டு அரங்கேற்றத்துக்குத் தேதி குறித்துவிட்டு, தினம் மூன்று மணி நேரம் ஒத்திகை என்று போன பிள்ளைகளின் கணித மதிப்பெண் சரிந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அரங்கேற்றத்தைப் பத்தாம் வகுப்பிலோ, மெட்ரிக் முடிந்த டிசம்பரிலோ வைக்கலாம். குருவிடம் பேசினால் புரிந்துகொள்வார்.

ஆனால் அடியோடு நிறுத்துவதற்கு நான் எதிரி. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் உடம்பை அசைத்து, வேறொன்றில் மனதை வைத்துவிட்டு வருகிற பிள்ளை புத்தகத்தின் முன்னால் நன்றாக உட்காருகிறது. எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு அறைக்குள் அடைத்த பிள்ளை, கதவுக்குப் பின்னால் கைபேசியைத்தான் பார்க்கிறது. அப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: மேடை வேண்டாம், போட்டி வேண்டாம், வகுப்பு மட்டும் இருக்கட்டும். செப்டம்பர் முன்தேர்விலிருந்து கடைசித் தாள் வரை அதற்கும் விடுமுறை. இந்த ஏற்பாட்டைப் பல வீடுகளில் செய்து பார்த்திருக்கிறோம். அப்பாக்களும் ஒத்துக்கொண்டார்கள்.

"என் அண்ணன் பிள்ளைங்க அமெரிக்காவுல இருக்காங்க. அங்க ஆக்டிவிட்டி இல்லாம சீட்டே இல்லைங்கிறாங்க. நம்ம ஊர்ல மட்டும் ஏன் இப்படி?"

இரண்டு நாட்டிலும் அனுமதி முறை வேறு வரலாற்றிலிருந்து வந்தது. அமெரிக்காவின் புகழ்பெற்ற தனியார் பல்கலைக்கழகங்களில் இடத்தைவிட நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள் பல மடங்கு அதிகம். அதனால் 'முழு ஆளையும்' பார்க்கிறோம் என்கிறார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் அனுமதி முறையை எதிர்த்த வழக்கு 2018-இல் நீதிமன்றத்தில் நடந்தபோது, அங்கே விண்ணப்பதாரரைப் படிப்பு, செயல்பாடு, விளையாட்டு, குணநலன் எனத் தனித்தனியாகத் தரம் பிரிப்பது வெளிச்சத்துக்கு வந்தது. அந்த வழக்கில் 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் இனத்தைக் கணக்கில் எடுக்கும் முறையை நிறுத்தியது. செயல்பாட்டைப் பார்ப்பது தொடர்கிறது.

இந்தக் குணநலன் பார்வைக்கு ஒரு கசப்பான பிறப்பு உண்டு. 1920-களில் தேர்வில் நன்றாக எழுதிய யூத மாணவர்களின் எண்ணிக்கை கூடியபோது, அதைக் குறைக்கவே ஹார்வர்டு போன்ற இடங்கள் மதிப்பெண்ணைத் தாண்டி 'ஆளுமை' என்று பார்க்க ஆரம்பித்தன. இதைப் படித்தபோது என் அப்பாவை நினைத்துக்கொண்டேன். 1959-இல் வந்த சட்டம், வெள்ளையருக்கான பல்கலைக்கழகங்களின் கதவை இந்தியருக்கும் கறுப்பருக்கும் சாத்தியது. இந்தியருக்கென்று டர்பன் துறைமுகத்தில் சாலிஸ்பரி தீவில் 1961-இல் ஒரு கல்லூரி திறந்தார்கள். அப்பா படகேறித்தான் வகுப்புக்குப் போனார். அந்தக் கல்லூரிதான் பின்னால் வெஸ்ட்வில்லுக்கு மாறி, 2004-இல் நட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இன்றைய குவாசுலு-நட்டால் ஆனது. என்ன மதிப்பெண் வாங்கினாலும் தோலைப் பார்த்துத் தள்ளிய காலத்தை வாழ்ந்த குடும்பத்துக்கு, இத்தனை புள்ளி வேண்டும் என்று கையேட்டில் வெளிப்படையாக அச்சிட்டிருப்பது சின்ன விஷயம் இல்லை. எண்ணுக்கும் குறைகள் உண்டு. ஆனால் எண்ணை எதிர்த்து நின்று கேள்வி கேட்கலாம். 'உன் ஆளுமை போதவில்லை' என்றால் யாரிடம் போய்க் கேட்பது?

"மெடிசினுக்கு மட்டும் ஆஸ்பத்திரியில வாலண்டியரா போயிருந்தா மதிப்பு உண்டாமே?"

இந்தப் பேச்சுக்கு ஒரு காரணம் இருக்கிறது. முன்பு சில மருத்துவத் துறைகள் வாழ்க்கைக் குறிப்புப் படிவம் ஒன்றைக் கேட்டன. விட்ஸ் அப்படிக் கேட்டது, பிறகு கைவிட்டது. இப்போது மதிப்பெண்தான் முன்னால் நிற்கிறது. சில இடங்களில் என்.பி.டி. என்ற தேசிய அளவுகோல் தேர்வும் சேரும். விட்ஸ் கிராமப்புறப் பள்ளிகளுக்கும் வசதி குறைந்த பள்ளிகளுக்கும் ஒரு பகுதி இடங்களை ஒதுக்குகிறது. துறைக்குத் துறை, ஆண்டுக்கு ஆண்டு இது மாறுவதால் அந்த ஆண்டுக் கையேட்டை மட்டும் நம்புங்கள். பக்கத்து வீட்டு அக்காவின் மகள் ஐந்து வருடத்துக்கு முன் எப்படிச் சேர்ந்தாள் என்பது இன்றைக்கு உதவாது.

ஆனாலும் மருத்துவமனைக்கோ முதியோர் இல்லத்துக்கோ ஒரு விடுமுறை போய்வரட்டும் என்றுதான் சொல்வேன். இடத்துக்காக இல்லை. சீழ் வாசனையும் அழுகையும் தன்னால் தாங்கமுடியுமா என்று பதினேழு வயதில் தெரிந்துகொள்வது, மூன்றாம் ஆண்டில் தெரிந்துகொள்வதைவிட நல்லது.

"பையன் நாடகம் படிக்கணும்னு நிக்கிறான். அதுக்கும் இதே கணக்குதானா?"

அங்கே கணக்கு மாறும். நாடகம், இசை, நுண்கலை, ஆடை வடிவமைப்பு போன்றவற்றுக்குக் குறைந்தபட்சப் புள்ளி இருந்தால் மட்டும் போதாது. நடித்துக் காட்டவேண்டும், வாசித்துக் காட்டவேண்டும், அல்லது வரைந்தவற்றைத் தொகுத்துக் கொண்டுபோகவேண்டும். இத்தனை வருடம் பள்ளிக்கு வெளியே செய்ததுதான் இங்கே உண்மையான தேர்வு. தெருக்கூத்தில் இரவெல்லாம் விழித்து வேஷம் கட்டிய பையனுக்கு, மேடைப் பயம் என்ற ஒன்று இருக்காது. நம் ஊரில் 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று சொல்லும் அந்தக் கூத்தைத் தாழ்வாக நினைத்து மறைக்கவேண்டாம். தேர்வாளர்கள் நூறு பிள்ளைகளிடம் அதே நாடக வசனத்தைக் கேட்டு அலுத்திருப்பார்கள்.

"மார்க்குக்குத்தான் சீட்டுன்னா, அந்த சர்டிஃபிகேட் கட்டு எங்கதான் உதவும்?"

பணத்துக்கு. இடம் கிடைப்பது ஒரு பாதி, கட்டணம் கட்டுவது மறு பாதி. அரசின் என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். உதவி குடும்ப வருமானத்தைப் பார்க்கிறது. ஆண்டுக்கு 3,50,000 ரேண்டுக்குள் இருக்கவேண்டும். அதில் செயல்பாட்டுக்கு வேலை இல்லை. நம் வீடுகளில் பலர் அந்த எல்லைக்குச் சற்று மேலே மாட்டிக்கொள்கிறார்கள். அப்பா 'பாண்ட்' என்ற வீட்டுக் கடன் கட்டுகிறார், அம்மாவுக்குச் சம்பளம், கையில் மிச்சம் இல்லை, உதவிக்கும் தகுதி இல்லை. தனியார் உதவித்தொகைகள்தான் இவர்களுக்கு வழி. அங்கே மதிப்பெண் உங்களை நேர்காணல் அறைக்குள் கொண்டுபோகும். அறைக்குள் அவர்கள் கேட்பது, நீ என்ன செய்தாய், ஏன் செய்தாய் என்பதை.

ஆலன் கிரே ஆர்பிஸ் அறக்கட்டளை 2005 முதல் இளநிலை மாணவர்களுக்கு உதவுகிறது. கட்டுரை எழுதச் சொல்வார்கள், தேர்வு முகாமில் உட்காரவைப்பார்கள். தொழில்முனைவும் தலைமைப் பண்பும் அவர்கள் தேடுவது. பட்டத்துக்குப் பிறகு மண்டேலா ரோட்ஸ் உதவித்தொகை இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டுக்கு அனுப்பும் ரோட்ஸ் உதவித்தொகை இருக்கிறது. நம் சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்த குமி நாயுடுவை நினைத்துப் பாருங்கள். நிறவெறியை எதிர்த்து மாணவர்களைத் திரட்டியதற்காகப் பதினைந்து வயதில் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டவர். ஊர் இளைஞர்களோடு வேலை செய்தவர். பின்னாளில் ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு போனார், கிரீன்பீஸ் அமைப்பின் தலைமைக்கும் வந்தார். பள்ளி தண்டித்த அதே வேலைதான் அவரை அடையாளம் காட்டியது.

"கிரிக்கெட்ல மாகாண அணிக்கு ஆடறான். அது போதுமா?"

விளையாட்டு உதவித்தொகை உண்டு. பயிற்சியாளர்கள் பள்ளி ஆட்டங்களுக்கே வந்து பார்த்துவிட்டுப் பேசுவதும் உண்டு. ஆனால் அந்தப் படிப்பின் குறைந்தபட்சப் புள்ளியைத் தொட்டிருக்கவேண்டும். இன்னொன்று, முழங்கால் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. டர்பனில் பிறந்த செனுரன் முத்துசாமி 2019-இல் தென்னாப்பிரிக்காவுக்காக டெஸ்ட் ஆடினார். குவாசுலு-நட்டாலில் பட்டமும் வாங்கியவர் அவர். மகனிடம் அவர் பந்துவீச்சைக் காட்டும்போது அந்தப் பட்டத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

"டீச்சர், நான் எதுவுமே பண்ணலை. அந்தக் கட்டத்துல என்ன எழுத?"

இந்தக் கேள்விதான் என்னை இந்தப் பக்கத்தை எழுதவைத்தது. கேட்டவன் என் தமிழ் வகுப்பு மாணவன். உதவித்தொகை விண்ணப்பத்தில் 'செயல்பாடுகள்' என்ற கட்டத்தை வெறுமையாக விட்டுக் கொண்டுவந்தான். பள்ளியில் எந்தச் சங்கத்திலும் இல்லை, எந்த அணியிலும் இல்லை. மதியம் இரண்டரைக்குப் பள்ளி விட்டதும் எங்கே போவாய் என்று கேட்டேன். அம்மா நர்ஸ், இரவுப் பணிக்குக் கிளம்பிவிடுவார். தங்கையைக் கூட்டிவந்து சாப்பாடு போட்டு வீட்டுப்பாடம் பார்ப்பான். ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, சர்க்கரை நோய். அளவு பார்த்து இன்சுலின் போடுவது அவன்தான், மூன்று வருடமாக. ஆடி மாதம் கோயிலில் கூழ் ஊற்றும்போது விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்டுவதும் அவன்தான். இத்தனையையும் சொல்லிவிட்டு, "இது வீட்டு வேலை தானே டீச்சர்" என்றான்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்பத்தில் செயல்பாட்டு வகைகளில் 'குடும்பப் பொறுப்புகள்' என்றே ஒன்று இருக்கிறது. சம்பளத்துக்கு வேலை செய்வதும் ஒரு வகை. சனி, ஞாயிறு மாமா கடையில் கல்லாவில் நிற்கும் பெண்ணும் எழுதலாம். நாங்கள் உட்கார்ந்து அவன் கட்டத்தை நிரப்பினோம். எத்தனை ஆண்டு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்ன பொறுப்பு என்று மட்டும். பரிதாபம் தேடும் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். பாதி நேரம் இன்சுலினைப் பற்றியே கேட்டார்களாம். ஒரு நாள் ஆயாவுக்குச் சர்க்கரை இறங்கிப்போய் மயங்கியபோது அவன் என்ன செய்தான் என்று.

நம் பிள்ளைகளில் பாதிப் பேர் இப்படித்தான் கட்டத்தை வெறுமையாக விடுகிறார்கள். தினம் செய்வது கண்ணுக்குத் தெரிவதில்லை. பெற்றோரே எடுத்துச் சொல்லுங்கள்.

"காவடி, கூழ், அன்னதானம்னு எழுதினா வெள்ளைக்காரனுக்கு என்ன புரியும்? கோயில் பேரை எழுதறது பாதகமா?"

பாதகம் இல்லை. புரியாமல் எழுதுவதுதான் பாதகம். அந்தப் பொது விண்ணப்பத்தில் பத்துச் செயல்பாடுகள் வரை எழுதலாம். ஒவ்வொன்றுக்கும் விளக்கம் 150 எழுத்துக்குள், இடைவெளியும் சேர்த்து. 'தைப்பூசக் காவடி எடுத்தேன்' என்று ஆங்கிலத்தில் எழுதினால் படிப்பவருக்கு ஒரு வினோத விழாவின் படம்தான் மனதில் வரும். 'கோயில் திருவிழாவில் 300 பேருக்குச் சமையல். 12 இளைஞர்களுக்குப் பொறுப்பாளர். பொருள் வாங்கியது, கணக்கு வைத்தது நான். 4 ஆண்டுகள்' என்ற பொருளில் எழுதினால், அயோவாவில் இருப்பவருக்கும் புரியும். எண், வினை, காலம் மூன்றும் இருக்கட்டும்.

விரதம் இருந்தது, அலகு குத்தியது உங்கள் மனதுக்கு நெருக்கமானது என்றால், 650 சொல் கட்டுரையில் எழுதுங்கள். அங்கே விளக்க இடம் உண்டு. பட்டியலில் பொறுப்பைச் சொல்லுங்கள், கட்டுரையில் உள்ளே நடந்ததைச் சொல்லுங்கள். நன்கு அறிந்த பேராசிரியரோ ஆசிரியரோ படித்துப் பார்க்கட்டும். அவர்கள் எழுதித் தரவேண்டாம்.

"இங்கிலாந்துக்கும் இதே மாதிரிதான் நிரப்பணுமா?"

இல்லை, அங்கே கண்ணோட்டம் வேறு. பிரிட்டனில் ஒரு பாடத்துக்குத்தான் சேருகிறீர்கள், அந்தப் பாடத்தின் மேல் உள்ள பசிதான் அவர்களுக்கு வேண்டும். அங்கே பல்கலைக்கழக விண்ணப்பங்களை வாங்கும் மைய அமைப்பு யு.சி.ஏ.எஸ். அதற்கு எழுதும் தன்விளக்கம் 4,000 எழுத்து. 2026 சேர்க்கையிலிருந்து அது மூன்று கேள்விகளாகப் பிரிந்துவிட்டது: ஏன் இந்தப் படிப்பு, இதுவரை படித்தது எப்படித் தயார் செய்தது, பள்ளிக்கு வெளியே வேறென்ன செய்தீர்கள். மூன்றாவதிலும் பாடத்தோடு ஒட்டியதற்கே மதிப்பு. பொறியியலுக்குப் போகிற பிள்ளைக்குத் தென்னாப்பிரிக்கக் கணித ஒலிம்பியாடும், எஸ்காம் இளம் அறிவியலாளர் கண்காட்சிக்குச் செய்த திட்டமும் பேசும். ஹாக்கி அணித்தலைவர் பதவி அவ்வளவாகப் பேசாது.

ஒரு விதிவிலக்கு: டிரினிட்டி, ஏ.பி.ஆர்.எஸ்.எம். இசைத் தேர்வுகளில் 6, 7, 8-ஆம் நிலைகளுக்கு யு.சி.ஏ.எஸ். புள்ளி உண்டு. அந்தப் புள்ளியைச் சில படிப்புகள் மட்டுமே ஏற்கும். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜுக்குக் கடைசி நாள் அக்டோபர் 15. நம் மெட்ரிக் தேர்வு தொடங்கும் நேரம் அது. முன்கூட்டியே முடித்துவையுங்கள்.

"இந்தியாவுக்கு அனுப்பி டாக்டருக்குப் படிக்க வைக்கலாம்னு இருக்கோம். அங்க?"

மருத்துவத்துக்கு நீட் தேர்வு எழுதவேண்டும். நடனமும் நாட்டியமும் அங்கே கணக்கில் வராது. டெல்லிப் பல்கலைக்கழகம் போன்ற சில இடங்களில் கலை, விளையாட்டுக்கென்று சிறு ஒதுக்கீடு உண்டு, அது மருத்துவத்துக்கு இல்லை. படித்துத் திரும்பினால் இங்கே மருத்துவக் கவுன்சிலின் தேர்வும் எழுதவேண்டியிருக்கும். அதையும் கணக்கில் வைத்து முடிவெடுங்கள்.

"இப்பவே பதினைஞ்சு சர்டிஃபிகேட் சேர்த்துட்டோம். இன்னும் எத்தனை வேணும்?"

எண்ணிக்கையை நிறுத்துங்கள். ஒரு நாள் கடற்கரைக் குப்பை பொறுக்கியது, ஒரு நாள் அனாதை இல்லத்தில் புகைப்படம் எடுத்தது என்று பதினைந்து தாள் இருப்பதைவிட, ஒரே இடத்தில் மூன்று வருடம் நின்றது பெரிது. வயது 14 முதல் 24 வரை உள்ளவர்களுக்கான 'பிரெசிடென்ட்ஸ் அவார்டு' திட்டத்தைப் பார்த்தால் இது புரியும். வெண்கலம், வெள்ளி, தங்கம் என மூன்று நிலை. சேவை, திறமை, உடற்பயிற்சி மூன்றையும் மாதக்கணக்கில் தொடர்ந்து செய்து, ஒரு பயணமும் முடித்தால்தான் விருது. செலவு குறைவு, வெளிநாட்டிலும் தெரிந்த திட்டம். நம் பிள்ளைகள் தமிழ் வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதையே சேவையாகச் செய்யலாம்.

"கொஞ்சம் கூட்டி எழுதினா என்ன? யார் வந்து பார்க்கப்போறாங்க?"

பார்க்கிறார்கள். 2019-இல் அமெரிக்காவில் பிடிபட்ட மோசடி ஒன்றில் பணக்காரப் பெற்றோர் பலர், விளையாடவே தெரியாத பிள்ளைகளை விளையாட்டு வீரர்களாகக் காட்டியது போன்ற குற்றங்களுக்காகச் சிறைக்குப் போனார்கள். பிள்ளைகள் சிலரின் இடமும் போனது. நம் அளவில் நேர்காணல் போதும். "மிருதங்கம் ஐந்து வருடம்" என்று எழுதியிருந்தால், ஆதி தாளத்தைக் கையில் போட்டுக்காட்டச் சொல்லக்கூடிய ஒருவர் எதிரில் உட்கார்ந்திருக்கலாம். அதைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. பொய்யைப் பெற்றோர் எழுதச் சொன்னார்கள் என்பது பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்க நினைவிருக்கும்.

"ஒன்பதாம் வகுப்புதான். இப்போ இருந்தே எதுல சேர்க்கலாம்?"

எதில் வேண்டுமானாலும், பிள்ளைக்குப் பிடித்த ஒன்றிரண்டில். ஆனால் ஒன்பதாம் வகுப்பு முடிவில் உங்கள் முன்னால் வரும் பெரிய முடிவு வேறு: கணிதமா, அன்றாடக் கணக்கை மட்டும் சொல்லித்தரும் கணித எழுத்தறிவா? மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் கணிதம் வேண்டும், பெரும்பாலும் இயற்பியல் அறிவியலும் வேண்டும். கணித எழுத்தறிவில் 95 வாங்கினாலும் அந்தக் கதவு திறக்காது. நடன வகுப்பு எது என்று அலைந்த பெற்றோர், இந்தப் படிவத்தில் கையெழுத்தை யோசிக்காமல் போட்டுவிட்டுப் பதினொன்றாம் வகுப்பில் என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள்.

"ஒரே ஒரு புள்ளி குறைஞ்சுபோச்சு டீச்சர். அவ செஞ்ச சேவையெல்லாம் எழுதி ஒரு லெட்டர் கொடுத்தா இரங்குவாங்களா?"

கடிதம் எழுதவேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் அதை நம்பிக் காத்திருக்கவேண்டாம். முதல் பதிலில் சொன்ன அதே காரணம்தான்: கூட்டலில் அதற்கு இடமே இல்லை. அந்த நேரத்தைப் பயன் தரும் வழியில் செலவிடுங்கள். எல்லைக்கு மிக அருகில், 69 அல்லது 79 என்று ஒரு பாடம் நின்றிருந்தால் மறுமதிப்பீட்டுக்குப் போடுங்கள். ஒரு மதிப்பெண் ஏறினால் ஒரு புள்ளி ஏறும். மே, ஜூனில் மெட்ரிக் மறுபடி எழுதலாம். அரசின் 'செகண்ட் சான்ஸ்' திட்டத்தில் அதற்கு இலவசப் பயிற்சியும் உண்டு. பல பல்கலைக்கழகங்களில் ஒரு ஆண்டு கூடுதலாகப் படிக்கும் நீட்டிக்கப்பட்ட பட்டங்கள் இருக்கின்றன. அவற்றுக்குக் குறைந்த புள்ளி போதும், முடிவில் கிடைப்பது அதே பட்டம். அருகிலுள்ள வேறு படிப்பில் சேர்ந்து, முதல் ஆண்டில் நன்றாக வாங்கி மாற்றிக்கொண்ட பிள்ளைகளும் உண்டு.

மறுமதிப்பீட்டுக்குக் கொடுக்கும் நாட்கள் குறைவு. ரிசல்ட் வந்த வாரமே பள்ளிக்குப் போய்க் கேளுங்கள். அழுதுகொண்டிருக்கும் பிள்ளையை ஆயாவிடம் விட்டுவிட்டு, நீங்கள் மட்டும் போனாலும் சரி. அடையாள அட்டையும் தேர்வு எண்ணும் கையோடு எடுத்துப்போங்கள்.